சுற்றவாளி: ஒரு தண்டத் துண்டின் வரலாறு

நீதிமன்றத் தமிழில் ஒரு அருமையான சொல் இருக்கிறது: சுற்றவாளி. குற்றவாளி என்பதற்கு எதிர்ச்சொல். குற்றச்சாட்டை வாசித்துக் காட்டிவிட்டு, "குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று கேட்பார்கள். ட்ரபிக் பொலிஸ் எழுதித் தந்த துண்டோடு நீதிமன்றம் போய் இந்தச் சொல்லை வாய்திறந்து சொன்ன ஒருவரையாவது உங்களுக்குத் தெரியுமா? எங்களுக்குத் தெரியாது. எங்கட வீடுகளில் அப்பாமார், மாமாமார், ஓட்டோ ஓடுகிற அண்ணாமார் எல்லாரும் ஒரே மாதிரித்தான். பிழை செய்தாலும் கட்டுவார்கள், செய்யாவிட்டாலும் கட்டுவார்கள். "ஆயிரம் ரூபா போனாப் போகட்டும், அவங்களோட கதைச்சு வெல்ல ஏலுமே?" என்பார்கள்.

இதைப் பயம் என்றோ சோம்பல் என்றோ சொல்லி முடித்துவிடலாம். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. இது இந்தத் துறைமுக ஊர் எழுபது வருடமாகப் படித்த பாடம். யார் படிப்பித்தது, எப்படிப் படிப்பித்தது, இனியும் அதையே படித்துக்கொண்டு இருக்க வேணுமா என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

இலக்கத் தகட்டில் ஒரு எழுத்து

திருகோணமலையின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் உட்துறைமுகம், நடுவில் ஒடுங்கின நிலத்தில் நகரம். கண்டிப் பக்கமிருந்து வருகிற ஏ6, அனுராதபுரத்திலிருந்து வருகிற ஏ12, மட்டக்களப்பிலிருந்து மூதூர், கிண்ணியா ஊடாக வருகிற ஏ15, வடக்கே நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் போகிற வீதி. பெரிய வீதிகள் இவ்வளவுதான். இரண்டு மூன்று சந்திகளில் ஆட்களை நிறுத்தினால் ஊரே நிற்கும். இப்படிப்பட்ட ஊரில் வீதியில் நிற்கிற காக்கிச்சட்டைக்கு, மற்ற ஊர்களை விடக் கொஞ்சம் கூடுதலான பலம்.

1957ஆம் ஆண்டை எடுப்போம். அந்த ஒக்டோபரில்தான் பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தார்கள். ஆனால் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே வீதியில் வேறொரு விஷயம் நடந்துவிட்டது. அதற்கு முந்தின ஆண்டு, 1956இன் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. அதுவரை வாகன இலக்கத் தகடுகளில் இருந்தது ஆங்கில எழுத்து. சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைச் சோடி சோடியாக எடுத்துப் பாவித்தார்கள். அந்த இடத்துக்கு இப்போது சிங்கள "ஸ்ரீ" வந்தது. புதிதாக வாகனம் வாங்குகிற தமிழர், தான் வாசிக்கத் தெரியாத ஒரு எழுத்தைத் தன் வாகனத்தில் கட்டாயம் பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால் குற்றம்.

தமிழரசுக் கட்சி அந்த எழுத்தைத் தமிழில் எழுதச் சொல்லிப் போராட்டம் தொடங்கியது. சிங்கள எழுத்துக்குத் தார் பூசி, அதன் மேல் தமிழ் "சிறீ"யை எழுதிக்கொண்டு வாகனம் ஓட்டினார்கள். யோசித்துப் பார்த்தால், எங்கட அரசியல் வரலாற்றில் இடம்பிடித்த முதலாவது பெரிய ட்ரபிக் குற்றம் இதுதான். வேகமாக ஓடியதற்கோ, வெள்ளைக் கோட்டைத் தாண்டியதற்கோ அல்ல, ஒரு எழுத்துக்காக ஆட்கள் நீதிமன்றம் போனார்கள், சிறைக்கும் போனார்கள்.

அதே 1957, பெப்ரவரி 4. சுதந்திர தினத்தைத் துக்க நாளாக்கிக் கறுப்புக்கொடி ஏற்றச் சொல்லி அழைப்பு விடுக்கப்பட்டிருந்தது. திருகோணமலை நகரில், சந்தைக்குக் கிட்ட மணிக்கூட்டுக் கோபுரத்தடியில், நடராசன் என்ற இளைஞர் கறுப்புக்கொடிப் போராட்டத்தின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். எங்களில் பலர் அந்தக் கோபுரத்தைச் சுற்றித்தான் ஒவ்வொரு நாளும் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் போய்வருகிறோம்.

1958 மார்ச்சில், புதிதாக அரசுடைமையான போக்குவரத்துச் சபையின் பஸ்கள் சிங்கள ஸ்ரீயோடு வடக்குக்கு அனுப்பப்பட்டபோது போராட்டம் மறுபடி கிளம்பியது. இங்கே தார் பூசினார்கள், பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரல் 9ஆம் திகதி பண்டாரநாயக்க, செல்வநாயகத்தோடு செய்த ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே மாதம் நாடு எரிந்தது. ஒரு எழுத்து மட்டும்தான் காரணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த எழுத்து ஒன்றைக் காட்டித் தந்தது: வீதிச் சட்டம் என்பது வெறும் வீதிச் சட்டம் அல்ல. அது எந்த மொழியில் எழுதப்படுகிறது, அதை யார் யாரிடம் நீட்டுகிறார் என்பதும் அதற்குள் அடங்கும்.

வாசிக்க ஏலாத கடதாசி

மொழியின் கதை அங்கே முடியவில்லை. 1979இன் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இலங்கையின் பழைய விதி ஒன்றைத் திருப்பிப்போட்டது. 1895இல் வந்த சான்றுக் கட்டளைச் சட்டத்தின்படி, பொலிஸ்காரரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது. வெள்ளைக்காரன் செய்த சட்டத்துக்கே தெரிந்திருந்தது, பொலிஸ் நிலையத்துக்குள் எழுதப்படுகிற வாக்குமூலம் எப்படி வருகிறது என்று. புதிய சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ள ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் செல்லும் என்றது.

இதன் விளைவை விளங்கிக்கொள்ள சிங்கராசா வழக்கு ஒன்று போதும். 1993இல் கைதான ஒரு தமிழ் இளைஞர். சிங்களத்தில் தட்டச்சு செய்த ஒப்புதல் வாக்குமூலத்தில் அவருடைய பெருவிரல் அடையாளம் இருந்தது. அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. அந்தக் கடதாசியை வைத்தே 1995இல் 50 வருடத் தண்டனை கொடுத்தார்கள். மேன்முறையீட்டில் அது 35 ஆனது. 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு, அவருடைய உரிமைகள் மீறப்பட்டுள்ளன என்று சொன்னது. 2006இல் எங்கட உயர் நீதிமன்றம், அந்தக் குழுவின் முடிவு இங்கே செல்லாது என்று கையை விரித்தது.

ஒரு ட்ரபிக் துண்டையும் 35 வருடச் சிறையையும் ஒரே தராசில் வைக்கிறீர்களா என்று கேட்பீர்கள். இல்லை, பாரம் ஒன்றல்ல. ஆனால் பழக்கம் ஒன்றுதான். எழுதியிருப்பது என்னவென்று தெரியாத கடதாசியை அதிகாரி நீட்டுவார், நாங்கள் வாங்குவோம். கேள்வி கேட்டால் கெட்டது நடக்கும் என்று ஒரு முழுத் தலைமுறை கண்ணால் கண்டது. அந்தத் தலைமுறைதான் எங்களை வளர்த்தது.

சென்றியும் கடற்கரையும்

போர்க்காலத்தில் இந்த ஊரில் வளர்ந்தவர்கள் சென்றிக் கதை சொல்வார்கள். சென்றி வருமுன்னரே சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போவது. தொப்பியைக் கழற்றுவது. அடையாள அட்டையைக் கேட்க முன்னமே கையில் எடுத்து வைத்திருப்பது. "சேர்" என்று சொல்வது, கண்ணைப் பார்க்காமல் நிற்பது. இதெல்லாம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் மீறினால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

2006 சனவரி 2ஆம் திகதி இரவு, காந்தி சிலைக்குக் கிட்ட, கடற்கரையில் கூடியிருந்து கதைத்துக்கொண்டிருந்த ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். முதலில் சொன்ன கதை, அவர்கள் கொண்டுவந்த குண்டு வெடித்துச் செத்தார்கள் என்பது. பிரேதங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததைப் படம்பிடித்து வெளியே கொண்டுவந்தவர் ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். விசேட அதிரடிப்படையினர் மீது வழக்கு வந்தது. அதிரடிப்படை இராணுவம் அல்ல, அதுவும் பொலிஸ் திணைக்களத்தின் ஒரு பிரிவுதான். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு, 2019 யூலை 3ஆம் திகதி, போதிய சான்று இல்லை என்று பதின்மூன்று பேரையும் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. சாட்சிகள் பலர் நாட்டிலேயே இல்லை. ஏன் இல்லை என்பதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அந்த மாணவர்கள் உயிரோடு இருந்திருந்தால் இப்போது நாற்பதைத் தொட்டிருப்பார்கள். எங்களுக்கு அண்ணாமாராக, எங்கட தம்பி தங்கைகளுக்கு ரியூசன் வாத்திமாராக இருந்திருப்பார்கள். அவர்களோடு படித்தவர்கள்தான் இன்று ஓட்டோவை ஓரங்கட்டி, "சரி சேர், எழுதுங்கோ" என்று சொல்கிறவர்கள். அவர்களைப் பார்த்து "ஏன் அண்ணா கேள்வி கேட்கயில்ல?" என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

தண்டனையும் பதவியுயர்வும்

ஆனால் கதையைத் தமிழர், சிங்களவர் என்று இரண்டாகக் கிழித்து முடிக்கவும் ஏலாது. இந்தப் பொலிஸின் தாய்ச்சட்டம் 1865இன் 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். இன்றும் நடைமுறையில் இருக்கிறது. குடிமக்களுக்குச் சேவை செய்ய அல்ல, ஒரு காலனியை அடக்கி ஆள உருவாக்கின அமைப்பு அது. அதன் கை எல்லாப் பக்கமும் நீளும்.

1983இல் மட்டும் இரண்டு வழக்குகள். சர்வசன வாக்கெடுப்புக் காலத்தில் "பவிதி ஹண்ட" என்ற பிக்குமார் அமைப்பின் துண்டுப்பிரசுரங்களைக் கைப்பற்றிய பொலிஸ் அதிகாரி 10,000 ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அவருக்கு அரசாங்கம் பதவியுயர்வு கொடுத்தது. அதே ஆண்டு, இடதுசாரித் தலைவி விவியன் குணவர்தன பொலிஸ் நிலையத்தில் தாக்கப்பட்ட வழக்கில் 2,500 ரூபாய் நட்டஈடு கொடுக்கத் தீர்ப்பு வந்தது. அந்த அதிகாரிக்கும் பதவியுயர்வு. தீர்ப்புச் சொன்ன நீதியரசர்களின் வீட்டு வாசலில் காடையர்கள் போய்க் கூச்சல் போட்டார்கள். அந்த நேரம் பொலிஸ்மா அதிபராக இருந்தவர் ஒரு தமிழர், ருத்திரா இராஜசிங்கம். உச்சியில் எங்கட ஆள் இருந்தால் எல்லாம் சரிவரும் என்று நம்புகிறவர்கள் இதை ஒருக்கால் யோசிக்க வேணும்.

2021 மார்ச்சில் பன்னிப்பிட்டியில் ஒரு ட்ரபிக் பொலிஸ்காரர், நடுவீதியில் விழுந்து கிடந்த லொறிச் சாரதியின் மேல் ஏறி ஏறிக் குதித்த வீடியோ உங்களுக்கு ஞாபகம் இருக்கும். யாரோ கைத்தொலைபேசியில் எடுத்ததால்தான் அந்த அதிகாரி பணி இடைநிறுத்தப்பட்டுக் கைதானார். எடுக்காவிட்டால்?

2023 டிசம்பர் 14ஆம் திகதி, உயர் நீதிமன்றம் ஒரு சித்திரவதை வழக்கில் தேசபந்து தென்னக்கோனைப் பொறுப்பாளி என்று தீர்த்தது. அவர் அப்போது பதில் பொலிஸ்மா அதிபர். இரண்டே மாதத்தில் அவரை நிரந்தரப் பொலிஸ்மா அதிபர் ஆக்கினார்கள். 1983இன் பழக்கம் நாற்பது வருடம் கழிந்தும் அப்படியே. ஆனால் இந்த முறை கதை அங்கே நிற்கவில்லை. 2024 யூலையில் உயர் நீதிமன்றம் அவர் பதவியில் இயங்கத் தடை போட்டது. 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது. ஆளுக்குப் பின்னால் ஆள் வழக்குப் போட்டதால், தீர்ப்பைக் கிடப்பில் போட விடாமல் திரும்பத் திரும்பக் கேட்டதால் நடந்தது இது.

துண்டில் என்ன இருக்கிறது

இனி அந்தத் துண்டுக்கு வருவோம். எங்கட வட்டத்தில் ஒருத்தனை ஒரு சந்தியில் மறித்தார்கள். எந்தச் சந்தி, எந்த நிலையம் என்பது இங்கே முக்கியமில்லை. கையால் எழுதின பகுதி முழுக்கச் சிங்களம். "என்ன குற்றம் சேர்?" என்று கேட்டதற்கு, "கோட்ஸ்ல போய்க் கேளு" என்றாராம். தேத்தண்ணிக் கடையில் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒரு ஐயாவிடம் காட்டினோம். தலைக்கவசம் அணியவில்லை என்று எழுதியிருந்தது. இவன் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான்! சிரித்தோம். பிறகு அவன் தபாற்கந்தோருக்குப் போய்க் காசைக் கட்டினான். பரீட்சை நேரம், லைசன்ஸ் வேணும், என்ன செய்கிறது?

அந்தத் துண்டைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்று பிறகுதான் தேடி வாசித்தோம். 1951இன் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தில், திருத்தமாக வந்த 215அ பிரிவில் இது இருக்கிறது. பொலிஸ்காரர் எழுதித் தருவது தீர்ப்பு அல்ல, குற்றம் செய்ததாக அவர் சந்தேகிக்கிறார் என்ற அறிவித்தல்தான். 14 நாளுக்குள் தண்டப்பணம் கட்டினால் விஷயம் அதோடு முடியும். அதற்குப் பிறகு 28 நாள் வரை இரட்டிப்பாகக் கட்டலாம். கட்டாவிட்டால் பொலிஸ் உங்களை நீதவான் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். அங்கேதான் அந்தக் கேள்வி வரும். சுற்றவாளி என்று சொன்னால், குற்றத்தை நிரூபிக்கிற பொறுப்பு அவர்களுடையது. துண்டு எழுதினவர் வந்து சாட்சி சொல்ல வேண்டும். லைசன்ஸை அவர்கள் எடுத்தாலும் அந்தத் துண்டே 14 நாளுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரம்.

மொழிக்கும் சட்டம் இருக்கிறது. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அடுத்த ஆண்டு வந்த 16ஆவது திருத்தத்தின்படி வடக்கு கிழக்கின் நிர்வாக மொழி தமிழ், நீதிமன்ற மொழியும் தமிழ். சில பிரதேச செயலகப் பிரிவுகளில் இரண்டு மொழியும் உண்டு. ஆனால் தமிழ் இல்லாமல் போகிற இடம் கிழக்கில் இல்லை. அரசகரும மொழிகள் ஆணைக்குழு 1991இல் இருந்து இருக்கிறது. வாசிக்க முடியாத துண்டு ஒன்றைத் தருவது வெறும் மரியாதைக்குறைவு அல்ல, அரசியலமைப்போடு முரண்படுகிற விஷயம்.

லஞ்சம் பற்றியும் ஒரு வார்த்தை. "ஐந்நூறைத் தந்திட்டுப் போ" என்பது துண்டை விட மலிவாகத் தெரியும். 1954இல் வந்த லஞ்சச் சட்டத்தின்படி வாங்கியவரும் குற்றவாளி, கொடுத்தவரும் குற்றவாளி. இன்றைக்கு அந்த இடத்தில் இருப்பது 2023இன் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம். முறையிட வேண்டிய ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கமும் 1954தான், ஆகவே மறக்காது. பொலிஸின் நடத்தை பற்றிய முறைப்பாட்டைத் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போவதானால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும்.

எழுதும்போது எல்லாம் சுகமாக இருக்கிறது. நடைமுறை அப்படி இல்லை. பொலிஸ் ஆணைக்குழுவையே எடுங்கள். 2001இல் 17ஆவது திருத்தம் அதை உருவாக்கியது. 2010இல் 18ஆவது திருத்தம் பல்லைப் பிடுங்கியது, 2015இல் 19ஆவது கட்டிவிட்டது, 2020இல் 20ஆவது மறுபடி பிடுங்கியது, 2022இல் 21ஆவது திருப்பிக் கொடுத்தது. அரசியல்வாதிகளுக்கு இது விளையாட்டு. இன்னொரு பக்கம், ஒரு ஓட்டோ அண்ணா ஆயிரம் ரூபாய்த் துண்டை எதிர்த்து நீதிமன்றத்துக்கு மூன்று தவணை அலைந்தால் மூன்று நாள் உழைப்புப் போகும். மீன்பிடிக்கப் போகிறவருக்கும் அதே கணக்குத்தான். போய் வந்த பிறகும் அதே சந்தியில், அதே ஆளின் முன்னால்தான் ஓடவேண்டும். அவரைப் பார்த்து "உரிமைக்காகப் போராடுங்கோ" என்று எங்களைப் போல மாணவர்கள் புத்திமதி சொல்வது மலிவான வேலை.

அதனால் நாங்கள் கேட்பது வீரம் அல்ல. துண்டை வாங்கும்போது மூன்று விஷயம் மட்டும் செய்து பழகுவோம்: எந்தக் குற்றம் என்று தமிழில் கேட்பது, எழுதினவரின் இலக்கத்தைக் குறித்துக்கொள்வது, கட்ட முன்னம் துண்டைப் படமெடுத்து வைப்பது. இதில் எதற்கும் சத்தம் போடத் தேவையில்லை, ஒரு நாள் உழைப்பை இழக்கவும் தேவையில்லை. பிழையான துண்டு என்று நிச்சயமாகத் தெரிந்து, வழக்குக்கு நிற்கக்கூடிய நிலைமையும் இருக்கிறவர் நிற்கட்டும். அவருக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று பேர் போய் நீதிமன்ற வாங்கில் இருப்போம். தனியாக நிற்கிற ஆளுக்கும் மூன்று பேரோடு வருகிற ஆளுக்கும் உள்ள வித்தியாசம் பொலிஸுக்கு நன்றாகத் தெரியும்.

கடற்கரையில் நடந்ததற்கு இது நீதி ஆகாது. அந்த வழக்கு அதன் பாட்டில் கேட்கப்பட வேண்டும், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அதிகாரத்திடம் கேள்வி கேட்கிற பழக்கம் பெரிய வழக்கில் தொடங்குவதில்லை. 1957இல் அது ஒரு எழுத்தில் தொடங்கியது. எங்களுக்கு அது, "சேர், இதில என்ன எழுதியிருக்கிறீங்கள்?" என்ற ஒரு கேள்வியில் தொடங்கலாம்.